நாலு செடிகளுக்குச் சாப்பாடு

முதலில் வாளி நிறையவேண்டும். மழைத்தண்ணிப் பீப்பாவின் குழாய்க்குள் பாசி அடைத்துவிட்டது, தண்ணீர் நூலாகத்தான் வருகிறது, அது நிறையும்வரைக்கும் நான் செடிக்கு ஊற்றுகிற மீன்சாற்றுப் போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தப் பின்வளவில் நிற்கவேண்டும். இவர் எனக்குப் போன் எடுப்பதற்கு முன்னால் ஊற்றி முடித்துவிட்டால் நல்லது. சனிக்கிழமைகளில் எடுப்பார். எடுத்தவுடன் கேட்பது ஒன்றுதான், "சாப்பாடு குடுத்தனீரோ?" எனக்கல்ல, செடிகளுக்கு. ஸ்காபரோவில் ஒரு வீட்டுக்கு நாலு கஞ்சாச் செடி வளர்க்கலாம் என்று சட்டம் விட்டிருக்கிறது, இவரும் சட்டப்படி நாலு நட்டார், நட்டுவிட்டு சட்டம் ஒன்றும் கேட்காத காரியமாகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். இப்போது அடுக்குமாடி ஒன்றில் தனியே இருக்கிறார். அங்கே பல்கனியில் துளசிகூட வைக்க விடமாட்டார்களாம். அதனால் செடிகள் என்னோடு. செடிகளுக்குச் சாப்பாடு என் பொறுப்பு. ஊரில் உரம் என்றுதான் சொல்லுவோம், பசளை என்று சொல்லுவோம், இந்தச் சாப்பாடு என்கிற சொல்லை இவர் எங்கேயோ வீடியோ பார்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். முப்பது வருஷம் என் கையால் சாப்பிட்ட மனுஷன் அந்தச் சொல்லை எனக்காக ஒருநாளும் பாவித்ததில்லை, நீர் சாப்பிட்டீரோ என்று கேட்டதில்லை, நானும் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை, ஏனென்றால் கேட்பது என் வேலை, சாப்பிடுவது அவர் வேலை என்று இருந்தது. இன்றைக்கு அவர் எடுக்கும்போது நானும் ஒன்று கேட்கவேண்டும். கேட்கத்தான் வேண்டும், திங்கட்கிழமை வந்துவிடும்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் மயக்கமருந்து கொடுத்துக் குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கப் போகிறார்கள். பனி கரைந்த நாளிலிருந்து இரத்தம் போகிறது. மூலம் என்றுதான் நினைத்தேன், நினைக்க விரும்பினேன், பாரிசில் என் பெரியக்காவும் மூலம் என்றுதான் நினைத்தாள், கடைசியில் அவளைப் பார்க்க நான் போய் இறங்கியபோது கட்டிலில் ஒரு சின்னப்பிள்ளையின் உடம்பு கிடந்தது, முகம் மட்டும் அக்காவினுடையது. அதை நினைக்கக்கூடாது. தாதி போனில் சொன்னாள், நல்ல பிள்ளை, குரலில் களைப்பு இருந்தது, கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லாமல் உங்களை வெளியே விடமாட்டோம், டாக்ஸி சரிவராது, தெரிந்த ஆள் வேண்டும், யார் வருவார்கள்? நான் ஒரு நொடிகூட யோசிக்காமல், என் கணவர் என்றேன். வாய் அப்படிப் பழகியிருக்கிறது. அவள் நல்லது என்றாள். அந்த நல்லதில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, எவ்வளவு பெரிய முட்டாள் நான். வேறு ஆட்கள் இல்லாமலா? கேட்டால் கோயிலில் பத்துப் பேர் வருவார்கள், வந்து, திரும்பும் வழியில் தேத்தண்ணியும் வாங்கித் தந்து, இவர் ஏன் போனவர் என்பதையும் மெல்ல விசாரிப்பார்கள். மகள் சாருகாவிடம் சொன்னால் எட்மன்டனிலிருந்து விமானம் ஏறிவிடுவாள், புது வேலை, அவளை இழுக்கக்கூடாது. இதெல்லாம் சாட்டு, வெறும் சாக்கு. எனக்கு இவர்தான் வரவேண்டும். அந்த மயக்கம் தெளிந்து கண்ணைத் திறக்கிறபோது இவருடைய மூஞ்சியைத்தான் பார்க்கவேண்டும், அந்த உர்ரென்ற மூஞ்சியை. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

வாளி நிறைந்துவிட்டது. போத்தல் மூடியால் ஒரு மூடி, அதற்கு மேலே ஒரு சொட்டும் இல்லை, இப்போது ஒழுங்காக அளக்கிறேன், ஆடித் தொடக்கத்தில் பட்டது போதும். மூடியைத் திறந்தால் கருவாட்டுக் கடையைத் தலைகீழாகக் கவிழ்த்த மணம். பக்கத்து வீட்டுப் போர்த்துக்கீசக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு யன்னலைச் சாத்துவார், சாத்தட்டும். முதல் செடிக்கு ஊற்றுகிறேன், சுற்றிவர, தண்டில் படாமல். இவர் துணிச்சாடிகள் வாங்கி, கடையில் பெரிய பெரிய பைகளில் விற்கிற இயற்கை மண்ணைக் கொட்டி நிரப்பினார். பையில் கொழுத்த தக்காளிப் படம் போட்டிருந்தது. அந்த மண்ணில் மண்புழு எரு, வௌவால் எச்சம், எலும்புத்தூள், எல்லாம் ஏற்கெனவே கலந்திருக்கிறதாம். எனக்குச் சிரிப்பு வந்தது. வௌவால் எச்சத்துக்குக் காசு கொடுக்கிற ஒரே சாதி நாங்கள்தான் என்றேன். இவர் சிரிக்கவில்லை. "முதல் ஒண்டரை மாசம் இந்த மண்ணே காணும், ஒண்டும் போடத் தேவையில்லை, நீர் கை வைக்காதையும்" என்றார். கை வைக்காதையும். நான் கை வைத்து எது கெட்டுப்போனது இந்த வீட்டில்?

காணும். இந்தச் சொல்லோடு நான் பட்டபாடு. எங்கள் ஊரில் காணும் என்றால் போதும், காணாது என்றால் போதாது. என்னோடு வேலைசெய்கிற கும்பகோணத்துச் சித்ரலேகாவிடம், சோறு காணாது என்று முதல்நாள் சொன்னேன், அவள் மேசைக்குக் கீழே குனிந்து, "எங்க வச்சீங்கக்கா, இங்கதான் இருக்கும், தேடலாம்" என்றாள். அன்றைக்கு வயிறு நோகச் சிரித்தோம். ஆனால் இவர் எங்கள் ஊர்க்காரர்தானே, எங்கள் ஊர்த் தமிழில்தான் சொன்னார், எனக்கு ஏன் விளங்காமல் போனது? ஆனி மாதத் தொடக்கம், செடிகளை வெளியே எடுத்து வைத்து இரண்டு கிழமை இருக்கும். பிட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையைக் குனிந்தபடியே, "மலர், எனக்கு இது காணாது" என்றார். நான் எழும்பிப் போய் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இன்னும் ஒரு அகப்பை குழம்பு விட்டேன். நடுத்துண்டாகப் பார்த்துப் போட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் குழம்பையும் குழைத்துச் சாப்பிட்டு, முள்ளை ஒதுக்கி வைத்து, சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவியும் வைத்தார். ஒருநாளும் கழுவாதவர் கழுவினார், அதிலாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டி வாசலில் நின்றது. "அண்டைக்குச் சொன்னனான்தானே" என்கிறார். எப்போது சொன்னீர்கள்? காணாது என்று சொன்னேனே என்கிறார். ஐயோ, அது குழம்பு இல்லையா? சீவியமா? முப்பது வருஷச் சீவியம் காணாது என்பதை ஒரு மனுஷன் பிட்டுக்கோப்பைக்கு முன்னால் இருந்து சொன்னால் எந்தப் பெண்சாதி சட்டியைத் தூக்காமல் இருப்பாள்? இன்னொரு பெண் இருந்திருந்தால் அவளையாவது திட்டித் தீர்த்திருப்பேன். ஒருத்தியும் இல்லை. "தனிய இருக்கவேணும் போல கிடக்கு" என்றார். அறுபதை எட்டிப் பிடிக்கிற வயதில், யாரும் இல்லாத ஒரு அறை என்னைவிடத் திறம் என்று கண்டுபிடித்திருக்கிறார். அதற்கு நான் யாரைத் திட்ட?

இரண்டாவது செடிதான் பெரியது, என் தலைக்கு மேலே போய்விட்டது. இதைத்தான் நான் எரித்தேன். இவர் போன பிறகு கீழ் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. போனில் சொன்னேன், மண்ணில் இருந்த சாப்பாடு முடிந்துவிட்டது, இனிக் கொடுக்கவேண்டும் என்றார். பசி வந்தால் இந்தச் செடி தன்னுடைய கீழ் இலையில் இருக்கிற சத்தைத் தானே உறிஞ்சி மேலே அனுப்பிவிடுமாம், அதுதான் மஞ்சளாம், கீழே உள்ளது காய்ந்து விழுந்தாலும் உச்சி பச்சையாக நிற்குமாம். அதைக் கேட்டதும் எனக்கு அந்தச் செடியில் ஒரு பாசம் வந்துவிட்டது. இரவு வேலை, பகல் வேலை, அவர் படித்து எழுதின சோதினைகளுக்குக் காசு, சாருகாவின் பியானோ வகுப்பு, நானும் கீழ் இலையாகத்தானே இருந்தேன், உச்சி பச்சையாக நின்றுவிட்டு இப்போது உச்சிக்குத் தனிமை வேண்டுமாம். பாசம் வந்தால் எனக்குக் கை நிற்காது. உரத்தூள் பையில் ஒரு கரண்டி என்று போட்டிருந்தது, நான் கறிக்கு உப்புப் போடுகிற கணக்கில் கையால் அள்ளிப் போட்டேன், பிறகு அரிசி கழுவின தண்ணி, மீன் கழுவின தண்ணி, பாவம் சாப்பிடட்டும், வளருகிற பிள்ளை, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். ஒரு கிழமையில் இலை நுனியெல்லாம் கருகி, கொக்கி மாதிரிக் கீழ்நோக்கி வளைந்துவிட்டது. படம் எடுத்து அனுப்பினேன். உடனே எடுத்தார், சனிக்கிழமைகூட இல்லை. "என்ன மலர் செய்து வைச்சிருக்கிறீர்? கூடிப்போச்சு. ஆருக்கும் அளவாக் குடுக்க உமக்குத் தெரியாது" என்றார். ஆருக்கும் என்றார். செடிக்கு என்று சொல்லவில்லை. அந்த ஆருக்கும் என்கிற சொல்லை நான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன், அது செமிக்கவில்லை. ஒருவேளை அங்கேதான் இரத்தம் போகத் தொடங்கியதோ என்னவோ. இல்லை, அது அதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. ஒழுங்காக யோசி, தவமலர்.

மூன்றாவது செடிக்கு வாளியைத் தூக்கும்போது அடிவயிற்றில் பிடிக்கிறது. கொஞ்சம் நின்று தூக்குகிறேன். பூ அரும்புகள் வெள்ளை மயிரோடு எட்டிப் பார்க்கின்றன, ஆவணி வந்தால் பூக்குமாம், நாற்றமும் தொடங்கிவிட்டது, பழைய சொக்ஸும் எலுமிச்சம் தோலும் கலந்த ஒரு நாற்றம். நாலும் பெட்டைச் செடிகள். ஆண் செடியால் ஒரு பிரயோசனமும் இல்லை, கண்டவுடன் பிடுங்கி எறியவேண்டும் என்று இவரே தன் வாயால் சொன்னார், நான் விழுந்து விழுந்து சிரித்தேன், அப்போதும் அவர் சிரிக்கவில்லை. ஆண் பக்கத்தில் இல்லாவிட்டால்தான் பெட்டை, வருமோ வருமோ என்று பார்த்துப் பார்த்துப் பூவைப் பெருக்கிக்கொண்டே போகுமாம், பிசின் ஏறுமாம், அந்தப் பிசினுக்குத்தான் மதிப்பாம். முதுகுநோவுக்கு எண்ணெய் காய்ச்சப் போகிறார். கேவலம், நான் இவ்வளவு காத்திருந்தும் என்னில் என்ன பிசின் ஏறியது? ஆனால் ஒன்று எனக்கு விளங்கவில்லை, இரவில் படுக்கையில் இது வந்து வந்து முட்டும். போகிறவர் ஏன் நட்டார்? போகப்போகிறது தெரிந்துகொண்டு, புரட்டாசி கடைசியில் வெட்டவேண்டிய ஒன்றை ஏன் என் வளவில் நடவேண்டும்? கிழமைக்கு ஒருதரம் என்னோடு கதைக்க ஒரு சாட்டு வேண்டும் என்றா? செடி எப்படி என்று கேட்டால் நீர் எப்படி என்று கேட்கிறாரா? கூச்சமுள்ள மனுஷன்தான், கலியாணத்தன்றுகூட என் முகத்தைப் பாராமல் மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர். இந்த எண்ணம் வந்தால் அன்றைக்கு வாளி பாரமாக இருப்பதில்லை. பிறகு, போடி விசரி, செடியைக் கேட்பவர் செடியைத்தான் கேட்கிறார் என்று எனக்கே நான் சொல்லிக்கொள்வேன். இன்றைக்கு இது தெரிந்துவிடும். கேட்டால் தெரிந்துவிடும். "திங்கட்கிழமை எனக்கு ஆஸ்பத்திரி, வருவியளோ?" அவ்வளவுதான், சின்னக் கேள்வி. முடியாது என்று சொன்னால்? சொல்லுவார். சாருகாவின் பட்டமளிப்புக்கே லீவு கிடைக்கவில்லை என்று அரைநாளில் ஓடியவர். முடியாது என்றால் நான் இந்த நாலையும் வேரோடு பிடுங்கிக் குப்பை வண்டிக்குப் போடுவேன். போடமாட்டேன். எனக்கு என்னைத் தெரியும்.

நாலாவது செடிக்கு ஊற்றிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. கையை உடுப்பில் துடைத்துவிட்டு எடுத்தேன். மீன் நாற்றம் போனிலும் ஏறிவிட்டது.

"மலர். சாப்பாடு குடுத்தனீரோ?"

"இப்பதான் குடுத்து முடியுது."

"மூடியால அளந்துதானே விட்டனீர்?"

"ஓம், மூடியாலதான்."

"பெரியவளின்ர இலை இன்னும் வளைஞ்சே கிடக்கு?"

"புது இலையள் நேராத்தான் வருது."

"அப்ப தப்பியிட்டுது" என்றார். குரலில் ஒரு நிம்மதி. முப்பது வருஷத்தில் சாருகா பிறந்தபோது ஒருதரம் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன். நான் கேட்கவேண்டியதை நாக்குக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஆஸ்பத்திரி என்கிற சொல் மட்டும் வரமாட்டேன் என்றது. அது வந்தால் இரத்தத்தைச் சொல்லவேண்டும், எங்கே என்று சொல்லவேண்டும், அக்காவைச் சொல்லவேண்டும், அந்தப் பக்கம் அவர் சும்மா இருப்பார், அந்தச் சும்மா இருப்பதை என்னால் தாங்க ஏலாது.

"இஞ்சருங்கோ, திங்கக்கிழமை காலமை ஒருக்கா வரவேணும் நீங்கள்" என்றேன்.

"திங்களோ? வேலையெல்லே. ஏன்?"

"ஒரு அலுவல். நீங்கள் வந்தால்தான் சரிவரும்."

கேட்கப் போகிறார் என்று நினைத்தேன், என்ன, சுகமில்லையோ என்று. என் குரலில் ஏதோ இருந்ததுதானே, எனக்கே கேட்டது.

"என்ன, செடிக்கு ஏதுமோ?" என்றார். "பூச்சி கீச்சி பிடிச்சிட்டுதோ?"

நான் செடியைப் பார்த்தேன். நல்ல சுகமாக நின்றது. மீன்சாறு குடித்துவிட்டு இலையெல்லாம் வெயிலுக்கு விரித்துக்கொண்டு நின்றது.

"ஓம்" என்றேன். "பூச்சி."

"கடவுளே. எந்தச் செடியில? படம் எடுத்து அனுப்பும்."

"படத்தில தெரியாது. உள்ளுக்குள்ள கிடக்கு. வந்து பாத்தால்தான்."

"பூக்கிற நேரத்தில பிடிச்சால் எல்லாம் போச்சு மலர். நாளைக்கு வாறனெண்டால் மாமா வீட்டு முப்பத்தோராம் நாள் அந்திரட்டி. சரி, திங்கள் விடியவே வாறன். வேலைக்குச் சொல்லிப்போட்டு லீவு எடுக்கிறன்."

"நாள் முழுக்க இருக்கவேண்டி வரும்."

"இருக்கிறன், இருக்கிறன். முழுநாள் லீவே போடுறன், அதுக்கென்ன. நீர் ஒண்டுக்கும் பயப்பிடாதையும், அது வந்த உடனயே பாத்தால் நோயை மாத்தலாம்."

வைத்துவிட்டார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே வாளியின் விளிம்பில் குந்திவிட்டேன். பயப்பிடாதையும் என்றார். வந்தவுடனே பார்த்தால் நோயை மாற்றலாம் என்றார். இதே சொற்கள், ஒரு எழுத்துக்கூட மாற்றத் தேவையில்லை, இதைத்தான் எனக்கு ஒரு ஆள் சொல்லவேண்டும் என்று நான் எத்தனை நாளாகக் கிடந்து தவித்தேன், இப்போது சொல்லியும் ஆயிற்று, செடிக்கு. மகளுடைய பட்டமளிப்புக்கு இல்லாத லீவு, என் அக்கா செத்தபோது பாரிசுக்கு வர இல்லாத லீவு, ஒரு பூச்சிக்குக் கேட்ட கையோடு கிடைக்கிறது, முழுநாள் கிடைக்கிறது. இனி ஒன்றும் தெரியவேண்டிய பாக்கி இல்லை. திங்கட்கிழமை விடியவே வந்து, செருப்பைக் கழற்றாமல் நேரே பின்வளவுக்குப் போவார், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு இலை இலையாகப் புரட்டுவார், ஒரு பூச்சியும் இராது. அப்போது நான் பின்கதவில் நின்று சொல்லவேண்டும், பூச்சி செடியில இல்லை, எனக்குள்ள. கோபப்படுவார். ஏமாற்றினீர் என்பார். ஏறுங்கள் காரில், வழியில் கோபப்படலாம் என்பேன். கொண்டுபோய் விடுவார், அவ்வளவுக்கு மோசமான மனுஷன் இல்லை, இருந்து கூட்டிக்கொண்டும் வருவார், வரும் வழியெல்லாம் வாய் திறக்கமாட்டார்.

கோபம் வருகிறது. வரட்டும், நியாயமான கோபம். இந்த மனுஷனை நினைத்தால் நாலு செடியையும் முறித்து அவர் தலையில் போடவேண்டும் போலத்தான் இருக்கிறது. ஆனால் அவர் வாறன் என்று சொன்ன அந்த நேரத்தில், செடிக்காகத்தான் என்று நல்லாகத் தெரிந்தும், என் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் குபுக்கென்று வந்ததே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவரை மன்னிக்கலாம், அந்தச் சந்தோஷத்தை மன்னிக்க முடியாது. ஆஸ்பத்திரியில் எப்படியும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முதுகில் கட்டுகிற அங்கியைத்தான் தருவார்கள். அது தெரிந்துகொண்டே எழும்பி உள்ளே போய், அலுமாரியைத் திறந்து, திங்கட்கிழமை எதை உடுத்துவது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.